ரெசல்யூஷனை மாற்றியபின் திரை கறுத்துவிட்டது: சேஃப் மோடில் திருத்தினாலும் நிலைப்பதில்லை

நீலவிளிம்பு கேட்கிறார்:

வணக்கம். என் மேசைக் கணினியில் விண்டோஸ் 10 இயங்குகிறது. மானிட்டர் 1920 × 1080 அளவுள்ளது. ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தனி கிராபிக்ஸ் கார்டுடன் இணைத்திருக்கிறேன். பெரிய விரிதாள்களில் வேலை செய்யும்போது இன்னும் அதிகமான வரிகள் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக, விண்டோஸ் தரும் பட்டியலில் இல்லாத தெளிவுத்திறன்களைச் சேர்த்துக்கொள்ள உதவும் ஒரு சிறு செயலியை நிறுவி, 2560 × 1440 என்ற அளவைச் சேர்த்து, அந்தச் செயலியின் வழியாகவே அதை நடைமுறைப்படுத்தினேன். உடனே திரை கறுத்துவிட்டது. தெளிவுத்திறனை மாற்றும்போது விண்டோஸ் வழக்கமாகக் காட்டும் 15 வினாடிக் கெடு முடிந்தால் பழைய அளவு தானாகத் திரும்பும் என்று காத்திருந்தேன்; அப்படி எதுவும் நடக்கவில்லை.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது, விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் தெரிகின்றன. உள்நுழைவுத் திரை வர வேண்டிய நேரத்தில் மானிட்டர் கறுத்து, ஒரு சிறு பெட்டியில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சில வினாடிகள் காட்டிவிட்டு உறங்கப் போய்விடுகிறது. உள்ளே விண்டோஸ் நலமாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினால் உள்நுழைவு ஒலி கேட்கிறது.

எனக்குப் புரியாதது இதற்குப் பின் நடப்பதுதான். தொடக்கத்தை இடையில் நிறுத்தி நிறுத்தி மீட்புத் திரையை வரவழைத்து, அதன் வழியாக, மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குள் போனேன். அங்கே படம் தெளிவாக வருகிறது. அமைப்புகளைத் திறந்து தெளிவுத்திறனைக் குறைத்து, மாற்றத்தை உறுதிசெய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், மீண்டும் அதே கறுப்பு, அதே 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'. சேஃப் மோடில் கிராபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டுத் தொடங்கியபோது படம் வந்தது. விண்டோஸ் தானே டிரைவரைத் திரும்ப நிறுவிக்கொண்ட கணத்தில் மறுபடியும் போய்விட்டது. திருத்தியது ஏன் நிலைப்பதில்லை, இதிலிருந்து மீள்வதற்கு விண்டோஸை முழுமையாக மறுநிறுவல் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அலைமானி பதிலளிக்கிறார்:

வணக்கம். கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். திரை கறுத்துவிட்டது என்று மட்டும் எழுதியிருந்தால் இங்கே பத்துப் பேர் பத்துத் திசையில் இழுத்திருப்பார்கள். மானிட்டர் காட்டிய அந்த இரண்டு மூன்று சொற்கள்தான் பாதி விடை. இதே சிக்கலோடு வரும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றாலும் 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்றாலும் பொருள் ஒன்றே: கணினியிலிருந்து சிக்னல் வந்து சேர்கிறது, மானிட்டர் அதை அளந்து பார்த்திருக்கிறது, தன்னால் காட்ட முடியாது என்று முடிவெடுத்திருக்கிறது. அதாவது கேபிள், கார்டு, மானிட்டர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. 'நோ சிக்னல்' என்று வந்திருந்தால் கதை வேறு. அப்போது கேபிளையும், கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதையும், மானிட்டரில் எந்த உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் படத்தை இரண்டாவது திரைக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்திச் சோதிப்பதும் அந்த வகைக்கு உரியது. கறுப்புத் திரையின் நடுவே சுட்டியின் அம்புக்குறி மட்டும் தெரிந்தால், அது தெளிவுத்திறன் சிக்கலே அல்ல. சிக்னல் சரியாக இருக்கிறது, டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்ப்ளோரர்தான் தொடங்கவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அங்கிருந்து எக்ஸ்ப்ளோரரை இயக்கிப் பார்க்க வேண்டிய நிலை அது.

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும்படி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது கிராபிக்ஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்யும் குறுக்குவழி. டிரைவர் உறைந்துபோன நேரங்களில் பயன்படும். உங்கள் டிரைவர் உறையவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மறுதொடக்கம் ஆனாலும் அதே 2560 × 1440-ஐத்தான் திரும்ப அனுப்பும்.

சின்னமும் சுழலும் புள்ளிகளும் தெரிவதற்குக் காரணம், அந்தக் கட்டம் வரை படத்தை வரைவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் ஏற்பாடு செய்துகொடுத்த எளிய திரை நினைவகம் என்பதுதான். உங்கள் கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பேற்கும் கணத்தில் படம் போகிறது என்றால், கோளாறு டிரைவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஆணையில் இருக்கிறது. அந்த ஆணை எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: மானிட்டரின் கையேட்டில், ஏற்கக்கூடிய கிடைமட்ட அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் என்று இரண்டு வரம்புகள் இருக்கும், அவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

இரட்டைத்திரை பதிலளிக்கிறார்:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வேறொரு மானிட்டரையோ தொலைக்காட்சியையோ இணைத்தால் படம் வந்துவிடும். அதில் பார்த்துத் தெளிவுத்திறனை 1920 × 1080 ஆக மாற்றிவிட்டு, பழைய மானிட்டரைத் திரும்ப இணைத்துக்கொள்ளலாம். வேறு கணினி இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போயும் மாற்றலாம்.

பேரேடு பதிலளிக்கிறார்:

இரட்டைத்திரை சொல்லும் வழியில் படம் வரும் என்பது உண்மை. ஆனால் அங்கே செய்யும் மாற்றம் பழைய மானிட்டருக்குப் போய்ச் சேராது. சேஃப் மோடில் நீலவிளிம்பு செய்த திருத்தம் நிலைக்காததற்கும் இதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

தெளிவுத்திறன் என்பது கணினி முழுமைக்குமான ஒரே எண் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸ் அதை அப்படி வைத்திருப்பதில்லை. எந்த எந்த மானிட்டர்கள் சேர்ந்து இணைக்கப்பட்டிருக்கின்றன என்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தனிப் பதிவை, தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. மானிட்டரை அடையாளம் காண்பதற்கு, ஒவ்வொரு மானிட்டரும் கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும் ஈடிஐடி என்ற தன்விவரத் தொகுப்பைப் பயன்படுத்துகிறது; தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, மாடல் எண், வரிசை எண், ஏற்கும் தெளிவுத்திறன்கள் ஆகியவை 128 பைட் அளவுள்ள அந்த அடிப்படைத் தொகுப்பில் அடங்கியிருக்கும். ஆகவே தொலைக்காட்சியை மட்டும் இணைத்தால் விண்டோஸ் தொலைக்காட்சிக்கான பதிவை எடுக்கும். இரண்டையும் இணைத்தால் இரண்டும் சேர்ந்த நிலைக்கான பதிவை எடுக்கும். பழைய மானிட்டர் மட்டும் தனித்திருக்கும் நிலைக்குத் திரும்பியவுடன் அந்த 2560 × 1440 என்ற பழைய பதிவையே எடுத்து வைத்துக்கொண்டு நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப் இதிலும் ஒரு படி குறைவு. அது தனக்கென ஒரு மெய்நிகர்த் திரையை உருவாக்கிக்கொள்வதால், மேசையில் இருக்கும் மானிட்டரின் தெளிவுத்திறனை அந்த அமர்வுக்குள்ளிருந்து மாற்றவே விண்டோஸ் விடாது.

இப்போது சேஃப் மோடுக்கு வருவோம். அங்கே உங்கள் கிராபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் ஏற்றப்படுவதில்லை. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே என்ற பொது டிரைவர் வேலை செய்கிறது. இந்த இரண்டு டிரைவர்களும் ஒரே கடையில் தனித்தனிப் பேரேடு எழுதும் இரண்டு கணக்கர்களைப் போன்றவை. ஒருவர் ஏட்டில் நீங்கள் அடித்துத் திருத்தியது மற்றவர் ஏட்டில் ஏறாது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்: பொது டிரைவர் எழுதும் பதிவுகளின் பெயர்கள் எம்எஸ்பிடிடி (MSBDD) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும், சொந்த டிரைவரின் பதிவுகள் மானிட்டரின் குறியோடு நேரடியாகத் தொடங்கும். சேஃப் மோடில் நீங்கள் உறுதிசெய்த மாற்றம் முதல் வகைப் பதிவில் பத்திரமாக இருக்கிறது. வழக்கமான தொடக்கத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லாமல் போனதும் இதனால்தான். அந்தப் பதிவுகள் டிரைவரின் உடைமை அல்ல, விண்டோஸின் உடைமை. டிரைவரை நீக்கும்போது அவை அழிவதில்லை. புதிதாக வந்த டிரைவர் அதே கார்டு, அதே மானிட்டர் என்று கண்டதும் அதே பதிவின்படி நடக்கிறது.

ஆக, செய்ய வேண்டியது அந்தப் பதிவை அழிப்பது. அதற்கு முன் எளிய வழி ஒன்றை முயன்று பாருங்கள். சேஃப் மோடுக்குப் போன அதே பாதையில், அதாவது மீட்புத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் வரும் எண் பட்டியலில், 4-க்குப் பதிலாக 3-ஐ அழுத்துங்கள். அது குறைந்த தெளிவுத்திறனில் தொடங்கும் தேர்வு. மைக்ரோசாஃப்ட் தரும் விளக்கத்தின்படி, அது இப்போதுள்ள டிரைவரையே வைத்துக்கொண்டு தெளிவுத்திறனையும் புதுப்பிப்பு வீதத்தையும் மட்டும் தாழ்த்தித் தொடங்குகிறது. ஆகவே அங்கே செய்யும் திருத்தம் நிலைக்க வாய்ப்பிருக்கிறது. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் சாளரத்தில் பேஸ் வீடியோ என்று ஒரு தேர்வு உண்டு. பார்ப்பதற்கு இதைப் போலவே தோன்றினாலும் அது பொது டிரைவரை ஏற்றும் வகையைச் சேர்ந்தது என்பதால் உங்களுக்கு உதவாது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்ட கணினிகளில் இந்தப் பாதையில் போகும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

3-ஆம் தேர்வு பயன்படவில்லை என்றால், சேஃப் மோடுக்கே போய் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின் என்ற கிளையில் சிஸ்டம், அதற்குள் கரன்ட் கன்ட்ரோல் செட், அதற்குள் கன்ட்ரோல், அதற்குள் கிராபிக்ஸ் டிரைவர்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். முதலில் அந்த கிராபிக்ஸ் டிரைவர்ஸ் கிளையை முழுவதும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்; இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். அதன் கீழே கான்ஃபிகரேஷன், கனெக்டிவிட்டி என்று இரண்டு துணைக்கிளைகள் இருக்கும். கான்ஃபிகரேஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு உட்கிளையும் நான் சொன்ன ஒரு சேர்க்கைக்கான பதிவு. அவற்றைத் திறந்துகொண்டே போனால் அகலமும் உயரமும் எண்களாக இருப்பதைக் காணலாம். எந்தப் பதிவு எந்த மானிட்டருடையது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு துணைக்கிளைகளையும் மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொண்டு, மானிட்டர் தன் ஈடிஐடியில் விரும்பிக் கேட்கும் தெளிவுத்திறனில் தொடங்கும். பல திரைகளை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு எந்தத் திரை இடப்பக்கம், எது முதன்மை என்ற ஏற்பாடு மறந்துபோகும், அவ்வளவுதான் இழப்பு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் பயன்படுத்திய செயலி விண்டோஸுக்கு மாற்று ஈடிஐடி ஒன்றைக் கொடுக்கும் வகையாக இருந்தால், மேற்சொன்ன நீக்கம் மட்டும் போதாது. அத்தகைய செயலிகள், உண்மையான மானிட்டர் சொல்வதை மூடி மறைத்து, 2560 × 1440-உம் தனக்கு ஏற்புடையதே என்று மானிட்டரே சொல்வதுபோல் ஒரு பொய்யான தன்விவரத்தை ரெஜிஸ்ட்ரியில் வேறோர் இடத்தில் எழுதி வைக்கும். அந்தப் பொய் இருக்கும்வரை, பதிவை அழித்தாலும் விண்டோஸ் அதையே நம்பி மறுபடி அதே அளவைத் தேர்ந்தெடுக்கக்கூடும். இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட சிஆர்யூ என்ற செயலியின் தொகுப்பிலேயே ரீசெட் ஆல் என்ற தனி நிரல் இதற்காகவே தரப்பட்டிருக்கிறது; சேஃப் மோடிலும் அதை இயக்கலாம். உங்கள் செயலியிலும் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, அதை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு பதிவுகளை நீக்குங்கள். வரிசை மாறக்கூடாது.

ரெஜிஸ்ட்ரியைத் தொடவே தயங்குபவர்களுக்கு, மாற்றம் செய்வதற்கு முந்தைய தேதியில் மீட்புப் புள்ளி இருந்தால், அதே மீட்புத் திரையிலிருந்து சிஸ்டம் ரெஸ்டோர் செய்வதும் இந்த வேலையைச் செய்துவிடும். ரெஜிஸ்ட்ரியும் அந்தத் தேதிக்குத் திரும்பிவிடுவதால் பதிவும் பொய்த் தன்விவரமும் சேர்ந்தே போய்விடும். மறுநிறுவல் தேவையில்லை. அது ஈயை அடிக்க உலக்கை.

இரட்டைத்திரை எழுதுகிறார்:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் இரண்டாவது திரையால் பயனே இல்லை என்று கொள்ள வேண்டுமா?

பேரேடு எழுதுகிறார்:

பயன் உண்டு, நீங்கள் சொன்ன விதத்தில் இல்லை. இரண்டாவது திரையை இணைத்தால் சேஃப் மோடு இல்லாமலேயே, சொந்த டிரைவர் இயங்கும் வழக்கமான விண்டோஸைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நிலையில் செயலியை மீட்டமைத்து, ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் நீக்கிவிட்டு, கணினியை நிறுத்தி, பழைய மானிட்டரை மட்டும் இணைத்துத் தொடங்கலாம். மீட்புத் திரையை வரவழைக்கத் தொடக்கத்தை இடையில் துண்டிக்கும் வேலை மிச்சமாகும் என்பதால், கையில் இன்னொரு திரை இருப்பவர்களுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். ரிமோட் டெஸ்க்டாப்பிலும் இதே வேலைகளைச் செய்யலாம்; தெளிவுத்திறனை மாற்றத்தான் முடியாதே தவிர, ரெஜிஸ்ட்ரியைத் திறக்கத் தடையில்லை. நிறுத்துவதற்கு மட்டும் ரீஸ்டார்ட் என்பதையோ, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் என்பதையோ பயன்படுத்துங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சாதாரண ஷட்டவுன் விண்டோஸின் மையப்பகுதியான கர்னலையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே எழுப்பும். இத்தகைய பழுதுபார்ப்பில் அது வீண் குழப்பத்தையே தரும்.

முனையன் பதிலளிக்கிறார்:

இந்த இழையைத் தேடி வருபவர்களில் லினக்ஸ் பயன்படுத்துபவர்களும் இருப்பார்கள் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிக்கலின் உருவம் வேறு, உயிர் ஒன்றுதான்.

உபுண்டு போன்றவற்றில் உள்ள க்னோம் டெஸ்க்டாப்பில் அமைப்புகள் வழியாக மாற்றினால் 20 வினாடிக் கெடு உண்டு. எதையும் தொடாமல் இருந்தால் பழைய நிலை திரும்பும். முனையத்தில் திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் மாற்றியிருந்தால் கெடு எதுவும் இல்லை, ஆனால் அந்த மாற்றம் அந்த அமர்வோடு முடிந்துவிடும் என்பதால் ரீஸ்டார்ட் செய்தாலே போதும். தொடக்க நிரல் எதிலாவது அந்தக் கட்டளையை எழுதி வைத்திருந்தால் மட்டுமே அது திரும்பத் திரும்ப வரும். உறுதிசெய்யப்பட்டு நிலைத்துவிட்ட மாற்றம் என்றால், பயனரின் முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் மானிட்டர்ஸ் என்ற பெயரில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும். பேரேடு விண்டோஸைப் பற்றிச் சொன்னதைப் போலவே, இந்தக் கோப்பிலும் மானிட்டர்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகியவற்றோடு ஒரு தனிப் பதிவு இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தினால் எழுத்து மட்டும் தெரியும் முனையத் திரைக்குப் போகலாம். அங்கே உள்நுழைந்து அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் க்னோம் மானிட்டர் விரும்பும் அளவைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவதையே நான் விரும்புவேன். தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம்.

உள்நுழைவுத் திரை சரியாகத் தெரிந்து, கடவுச்சொல் கொடுத்த பிறகு கறுத்தால் பிழை இந்தப் பயனர் கோப்பில் இருக்கிறது. உள்நுழைவுத் திரையே வரவில்லை என்றால், திரையில் வரைகலையைக் காட்டும் எக்ஸ்ஆர்க் நிரலின், கணினி முழுமைக்குமான அமைப்புக் கோப்பில் யாரேனும் ஒரு தெளிவுத்திறனை எழுதி வைத்திருக்கிறார்களா, உள்நுழைவு மேலாளரின் அடைவில் அதே மானிட்டர்ஸ் கோப்பின் நகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனையத் திரையும் வராவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் இ (E) விசையை அழுத்தி, கர்னல் வரியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கலாம். ஆனால் அது சேஃப் மோடின் உடன்பிறப்பு: கார்டின் சொந்த டிரைவர் திரையை அமைப்பதைத் தடுத்துவிட்டு எளிய வழியில் படம் காட்டுகிறது. அந்த நிலையில் அமைப்புகளைத் திறந்து தெளிவுத்திறனைத் திருத்தி ஏமாறாமல், கோப்பைத் தேடிப்போய்த் திருத்துங்கள்.

நீலவிளிம்பு எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி; படம் வந்துவிட்டது. 3-ஆம் தேர்வில் தொடங்கிப் பார்த்தபோது மங்கலான பெரிய எழுத்துகளோடு டெஸ்க்டாப் தெரிந்தது, ஆனால் அங்கே திருத்திவிட்டு வந்ததும் மறுபடி கறுப்புதான். பிறகு சேஃப் மோடுக்குப் போய்ப் பேரேடு சொன்ன வரிசையிலேயே செய்தேன். செயலியில் எல்லாவற்றையும் மீட்டமைக்கும் வசதி இருந்தது. அதை இயக்கிவிட்டு, கிளையை எக்ஸ்போர்ட் செய்துகொண்டு, இரண்டு துணைக்கிளைகளையும் நீக்கினேன். அடுத்த தொடக்கத்தில் 1920 × 1080 தானாகவே வந்தது. நீக்குவதற்கு முன் உள்ளே பார்த்தேன்: எம்எஸ்பிடிடி என்று தொடங்கும் பதிவில் நான் சேஃப் மோடில் வைத்த அளவும், மற்றதில் 2560, 1440 என்ற எண்களும் அப்படியே இருந்தன.

அலைமானி கேட்ட விவரம்: கையேட்டில் கிடைமட்டம் 30 முதல் 85 கிலோஹெர்ட்ஸ், செங்குத்து 56 முதல் 75 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நான் கொடுத்தது 60 ஹெர்ட்ஸ்தான். அது 56-க்கும் 75-க்கும் இடையில் இருக்கும்போது எல்லை மீறியதாக மானிட்டர் ஏன் சொன்னது? இப்படி எல்லை மீறிய சிக்னலை அனுப்பியதால் மானிட்டருக்குக் கேடு ஏதும் நேர்ந்திருக்குமா? 2560 × 1440 அளவில் வேலை செய்யும் ஆசையை நான் முற்றாக விட்டுவிட வேண்டியதுதானா?

அலைமானி பதிலளிக்கிறார்:

மீறப்பட்டது செங்குத்து எல்லை அல்ல, கிடைமட்ட எல்லை. செங்குத்து அதிர்வெண் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை முழுப் படங்கள் என்பதைக் குறிக்கிறது. கிடைமட்ட அதிர்வெண் ஒரு வினாடிக்கு எத்தனை வரிகள் என்பதைக் குறிக்கிறது. சிக்னலில் கண்ணுக்குத் தெரியும் வரிகளோடு, படங்களுக்கு இடையில் இடைவெளியாக விடப்படும் வெற்று வரிகளும் சேரும். 1920 × 1080 அளவுக்கு வழக்கமான ஹெச்டிஎம்ஐ சிக்னலில் மொத்தம் 1125 வரிகள். வினாடிக்கு 60 படங்கள் என்றால் 67,500 வரிகள், அதாவது 67.5 கிலோஹெர்ட்ஸ். உங்கள் மானிட்டர் ஏற்கும் 85-க்குள் இது வசதியாக அடங்குகிறது. 2560 × 1440 அளவுக்கு, வெற்று வரிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறையிலேயே மொத்தம் 1481 வரிகள் வருகின்றன. அதே 60 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 88.8 கிலோஹெர்ட்ஸ். அங்கேதான் மானிட்டர் கையை விரித்தது. வினாடிக்குப் பாயும் புள்ளிகளின் கணக்கும் 148.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 241.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது; ஹெச்டிஎம்ஐக்கு முந்தைய இணைப்பு வகையான ஒற்றை இணைப்பு டிவிஐயின் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ் என்பதால், இடையில் டிவிஐ மாற்றி ஏதேனும் செருகியிருப்பவர்களுக்கு மானிட்டர் ஏற்றாலும் இணைப்பு இடம் கொடுக்காது.

கேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய குழாய்வகை மானிட்டர்களில், அதுவும் பாதுகாப்புச் சுற்று இல்லாத மிகப் பழையவற்றில், எல்லை மீறிய கிடைமட்ட அதிர்வெண் உள்ளிருக்கும் பாகங்களை உண்மையாகவே வாட்டியது. அந்த அச்சம்தான் இன்றும் பேச்சில் தொடர்கிறது. எல்சிடி மானிட்டர் சிக்னலை முதலில் அளந்து பார்த்துவிட்டு, ஒவ்வாததைப் பேனலுக்கு அனுப்பாமலே நிறுத்திவிடுகிறது. நீங்கள் பார்த்த அறிவிப்பே அப்படி நிறுத்தியதற்கான சான்று.

கடைசிக் கேள்விக்கு விடை, ஆசையை விட வேண்டாம், வழியை மாற்றுங்கள் என்பது. மானிட்டருக்கு 2560 × 1440 சிக்னலை அனுப்புவதற்குப் பதிலாக, கிராபிக்ஸ் கார்டையே அந்த அளவில் டெஸ்க்டாப்பை வரையச் சொல்லி, அதை 1920 × 1080 ஆகச் சுருக்கி அனுப்பச் செய்யலாம். என்விடியா கார்டுகளில் டைனமிக் சூப்பர் ரெசல்யூஷன் என்றும் ஏஎம்டி கார்டுகளில் வர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன் என்றும் இந்த வசதிக்குப் பெயர். இரண்டும் 2014-இல் அறிமுகமாயின, டிரைவரின் சொந்த அமைப்புச் சாளரத்திலேயே இருக்கின்றன. அதை இயக்கிய பின் 2560 × 1440 என்ற அளவு விண்டோஸின் பட்டியலிலேயே தோன்றும். விண்டோஸ் வழியாகவே தேர்ந்தெடுப்பதால் 15 வினாடிக் கெடுவும் உங்களுக்குத் துணையிருக்கும். மானிட்டருக்குப் போகும் சிக்னல் கடைசிவரை 1920 × 1080 ஆகவே இருப்பதால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' வருவதற்கு இடமே இல்லை.

ஆனால் எழுத்துகள் கூர்மை இழக்கும். 1440 வரிகளை 1080 வரிகளில் அடைக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு கலந்துதான் தெரியும். விளையாட்டுகளில் இது படத்தை மென்மையாக்கும் நன்மை, விரிதாளின் சிறிய எண்களில் கண்ணை உறுத்தும் குறை. விண்டோஸில் எழுத்துகளையும் சின்னங்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 100 விழுக்காட்டுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால் அதை 100-க்கு இறக்குவதும், விரிதாள் செயலியின் உள்ளேயே ஜூம் அளவைக் குறைப்பதும் உங்கள் தேவைக்கு இதைவிட நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டையும் முயன்று பார்த்து உங்கள் கண்ணுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவிளிம்பு எழுதுகிறார்:

ஸ்கேலிங் 125 விழுக்காட்டில் இருந்திருக்கிறது. 100-க்கு இறக்கியதும் விரிதாளில் கூடுதலாக வேண்டியிருந்த வரிகள் கிடைத்துவிட்டன, எழுத்தும் கூர்மையாக இருக்கிறது. ஆகவே சூப்பர் ரெசல்யூஷனை இயக்கவில்லை, அந்தச் செயலியையும் நீக்கிவிட்டேன். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை இனி வைத்திருக்கத் தேவை உண்டா?

பேரேடு எழுதுகிறார்:

தேவையில்லை, அழித்துவிடுங்கள். அதை வைத்திருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: பின்னொரு நாள் யாராவது அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால், 2560 × 1440 பதிவு ரெஜிஸ்ட்ரிக்குள் மறுபடி ஏறிவிடும்.